நிறுத்தாமல்

லண்டன் என்றதும் கேட்பார்கள்,
அரண்மனை இருக்கிற ஊரா என்று.
இல்லை, இது ஒன்டாரியோவில்.
இங்கேயும் ஒரு தேம்ஸ் ஓடுகிறது.
ஜனவரியில் அதுவும் ஓடுவதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் ஏல்மருக்குப் போவேன்.
இறைச்சிக்கடை ஐசக் ஃப்ரீசன் எடுத்துவைத்திருப்பார்:
ஆறு பன்றி இதயங்கள், ஐஸில்.
எதற்கு என்று முதல் வருடம் கேட்டார்.
ஓடவைத்துப் பார்க்க, என்றேன்.
அதன்பின் கேட்கவில்லை.
கிறிஸ்துமஸுக்கு மட்டும்
ஒரு முழம் சாஸேஜ் சேர்த்துக் கட்டுவார்.

திரும்பும்போது ரிச்மண்ட் தெருவில் கேட் போட்டுவிடுவார்கள்.
சரக்கு ரயில், நூற்றுப்பத்துப் பெட்டி.
பக்கத்து இருக்கையில்
பெல்ட் மாட்டிய ஐஸ் பெட்டி.
எண்ணிக்கொண்டிருப்பேன். இன்ஜினை அணைக்கமாட்டேன்.

ஆய்வகத்தில் ஒரு பம்ப், வெதுவெதுப்பான உப்புநீர்.
செத்த இதயம் நிமிடத்துக்கு எழுபது முறை
பிழைத்ததுபோல் நடிக்கும்.
அதன் அடிநுனியில் துளையிட்டு
என் கருவியை நுழைப்பேன்.
பேனா தடிமன். நாரை மூக்குபோல் ஒரு வாய்,
வாய்க்குள் ஊசி, ஊசியில் டெஃப்ளான் நூல்.

பிடிக்கவேண்டியது வால்வின் ஓர் இதழை.
அதை இழுத்துக் கட்டியிருந்த நாண் அறுந்துபோயிருக்கும்.
தமிழில் அதற்கும் நாண்தான், வில்லுக்கும் நாண்தான்;
இதை ஆங்கிலத்தில் விளக்கப்போய்
ஒரு கூட்டமே பத்து நிமிடம் தாமதமானது.
கொடியில் ஒரு கிளிப் கழன்ற துணியாய்
இதழ் படபடக்கும்.
கருவியின் பிடியில் ஒரு விளக்கு:
சிவப்பு என்றால் வாயில் ரத்தம் மட்டும்.
வெள்ளை என்றால் இதழ்.

நாற்பத்தொரு மாதம் சிவப்பைப் பார்த்தேன்.
வெள்ளை வந்த நாட்களிலும் சில கிழிந்தன.
கிழிந்தவற்றுக்குத் தனி நோட்டு.
என் கையெழுத்து
அதில்தான் நன்றாக இருக்கிறது.

வழக்கமாக இதயத்தை நிறுத்திவிடுவார்கள்.
மார்பெலும்பை அறுத்து
ரத்தத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்து
அசையாமல் கிடப்பதைப் பார்த்து
நூல் எவ்வளவு நீளம் என்று ஊகிப்பார்கள்.
தேர்ந்த கைகள், நல்ல ஊகங்கள்.
ஆனாலும் மேசையில் விரித்த சட்டையில்
தோள் எங்கே பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?
போட்டவர் கையைத் தூக்கவேண்டும். இருமவேண்டும்.

இன்று முதல் மனிதர்.
எழுபத்திரண்டு வயது. பெயர் சொல்லமாட்டார்கள்.
என்னை உள்ளே விடவில்லை: சளி.
நாற்பத்தொரு மாதம் காத்து
கடைசியில் மூக்கொழுகல்.
என் இடத்தில் ஹலினா நிற்கிறாள்.

கீழே, காபி மெஷின் பக்கம், மாஸ்க்குடன் நான்.
ஒரு அம்மாள் சில்லறை கேட்டாள்.
கையில் ஆண்களின் கடிகாரம்,
முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.
"அவருடையது. கழற்றச் சொல்லிவிட்டார்கள்.
கை அசைந்தால்தான் ஓடும் ரகம்.
அதனால்தான் நடந்துகொண்டிருக்கிறேன்."
கழற்றிவைத்தாலும் நாற்பது மணிநேரம் ஓடும்,
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டியவராம்.
எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகும்
கடைசி சீட் வரை குனிந்து பார்த்துக்கொண்டே போவாராம்,
தூங்கிப்போன பிள்ளை ஏதாவது இருக்குமோ என்று.
இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, என்றாள்.

கைபேசி அதிர்ந்தது. ஹலினா.
ஒரே சொல்: வெள்ளை.

அது பாதிதான்.
இந்த நேரம் திரையைப் பார்த்தபடியே
நூலை இழுத்துக்கொண்டிருப்பார்கள்,
ஒரு மில்லிமீட்டர், இன்னொரு மில்லிமீட்டர்.
கசிவு எங்கே அடங்குகிறதோ அங்கே முடிச்சு.
ஓடிக்கொண்டிருப்பதால்தான் அந்த இடம் தெரியும்.
கிழிவதானால் அதுவும் இப்போதுதான்.

அம்மாள் காபியை மெஷின் மேலேயே மறந்து
மறுபடி நடக்கத் தொடங்கினாள்,
இடக்கையை வீசி வீசி.

நான் எழுந்து
ஆறடி தள்ளி
கூடவே நடந்தேன்.