சுவருக்கு அந்தப் பக்கம்

இஸ்மீரில், மூன்றாம் மாடியில்,
எனக்கும் நெர்மினுக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
என்னிடம் டிவி இல்லை. தேவைப்பட்டதுமில்லை.

செவ்வாய் இரவு எட்டு மணி.
"அவனை நம்பாதேடி, மண்டு!"
சரி, சீரியலில் கப்பல்காரன்
மறுபடி அவள் வாசலுக்கு வந்துவிட்டான்.
இரண்டரை மணி நேரம் ஓடும்.
விளம்பரம் வந்தால் குழாய் திறக்கும்,
தேநீர்க் கெண்டி சீறும்.

வியாழன் காமெடி.
அவள் சிரிப்பு ஜோக்குக்கு முன்பே புறப்பட்டுவிடும்;
என்னவென்று தெரியாமல் நானும் சிரிப்பேன்
வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக.

த்ரில்லர் என்றால் பத்தாவது நிமிடமே தீர்ப்பு:
"பல் டாக்டர்தான் கொன்னது, எழுதி வெச்சுக்கோ."
யாரிடம் சொல்கிறாள்? எழுதி வைத்திருக்கிறேன்.
இதுவரை நான்கில் மூன்று தப்பு.

நேற்றும் செவ்வாய்தான்.
எட்டு. எட்டரை. ஒன்பதே கால்.
பின்னணி இசை மட்டும் வருகிறது,
அவளைக் காணோம்.
சுவரில் காதை வைத்தேன். சுண்ணாம்பு ஒட்டியது.
கடைசியில் போய்க் கதவைத் தட்டினேன்.

கழுத்தில் கம்பளி, கண் இரண்டும் சிவப்பு,
தொண்டை அடைத்துப் பேச்சே வரவில்லை.
கேஸ் பில்லைத் திருப்பிப் போட்டு எழுதினாள்:
'கப்பல்காரன் கடல்ல விழுந்து செத்துட்டான்.'

எனக்கே துக்கமாகிவிட்டது. முகம் பார்த்திராத ஆள்.

பேனாவை மறுபடி வாங்கி,
அடிக்கோடு இரண்டு போட்டு:
'நம்பாதே. பொணத்தைக் காட்டலை.'