காதுவலி

ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே
என்ன கல், எத்தனை இஞ்சுத் தண்ணி,
கேட்டால் சொல்லிவிடுவேன்.
அன்னூர்ப் பக்கம் முக்கால்வாசித் தோட்டத்தில்
நான் இறக்கிய மோட்டார்தான்.
என்னை மட்டும் எதிலும் இறக்கியதில்லை.

கடையில் சோதிக்கிற தொட்டி ஒன்று உண்டு.
அதில் முழங்கை வரைக்கும்.
அவ்வளவுதான் தண்ணீருக்கும் எனக்கும்.

திறந்த கிணற்று வேலை வந்தால்
காதுவலி வந்துவிடும்.
"சீழ் பிடிச்சிருக்குதுங்க,
நனையக் கூடாதுன்னு டாக்டரு..."
ஃபுட்வால்வு அடைத்துக்கொண்ட இடத்தில்
வெள்ளியங்கிரிக்கு இருநூறு ரூபாய்.
பத்தொன்பது வயசு, சட்டையைக் கழற்றியதும் குதிப்பான்.
நான் மேட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
தென்னைமரத்தைப் பார்ப்பேன்.
ஒருதரம் கீழே பார்த்துவிட்டேன்:
வெட்டிய பாறைக்கு நடுவே
வட்டிலளவு வானம்,
அதன் ஓரத்தில் என் தலை.

பெற்ற பொய்யை வளர்த்தாக வேண்டுமே.
வெள்ளிக்கிழமை தவறாமல் மயிலாத்தாள்
நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி
வலது காதில் மூன்று சொட்டு விடுவாள்.
கல்யாணமான நாளாய்.
ஒருதடவை மறந்து இடது காதைக் காட்டினேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
எண்ணெய் ஆறிப்போச்சு என்று
அடுப்படிக்குப் போனாள்.

சித்திரையில், குப்பேபாளையத்தில்,
முங்கிய வெள்ளியங்கிரி மேலே வரவில்லை.
முப்பது எண்ணினேன். நாற்பது.
தென்னைமரத்தை மறந்துபோனேன்.
வந்தான், சிரித்தான், கையில் வால்வு,
அதற்குள் ஒரு செத்த தவளை.
கொஞ்சம் சிக்கிக்கிச்சுங்கண்ணா என்றான்.
எனக்கு உள்ளங்கால் வேர்த்திருந்தது.
அவன் வராமலே போயிருந்தாலும்
நான் அங்கேதான் நின்றிருப்பேன்,
காதுவலியோடு.

சரவணம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பின்னால்
நீச்சல்குளம். காலை ஐந்தரை, பெரியவங்க பேட்ச்:
முட்டை லாரிக்காரர் ஒருவர், பல் டாக்டரம்மா,
லோடு இறக்கப் போவதாய்
வீட்டில் சொல்லிவிட்டு வந்த நான்.
நாலடி ஆழம். எனக்கு நெஞ்சளவு.
ஏணிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
ஒரு வாரம் நின்றேன்.
லாரிக்காரர் கடந்துபோகும்போதெல்லாம்
"அந்தக் கம்பி நல்ல கம்பிங்களா?" என்பார்.

பயிற்சி கொடுக்கிற பிரதீப்புக்கு
என் கடை பில்புக்கைவிட வயசு குறைவு.
"சார், மூச்சைப் பிடிக்காதீங்க. தண்ணிக்குள்ளயே விடுங்க."
பிடித்ததால்தானப்பா
நாற்பத்தெட்டு வருஷம் ஓடியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் உறைத்தது. ஏர்லாக்.
காற்று சிக்கிய பம்பு
நாளெல்லாம் ஓடினாலும் தண்ணி தூக்காது.
நட்டைக் கொஞ்சமாய்த் தளர்த்தி
புஸ்ஸென்று விட வேண்டும்.
எத்தனை தோட்டத்தில் இதைச் சொல்லி
எத்தனை டம்ளர் மோர் குடித்திருக்கிறேன்.

மூக்கு வழியாய்த் தளர்த்தினேன்.
குமிழெல்லாம் கன்னத்தை உரசி மேலே போயின.
கால் எப்போது தரையை விட்டது, தெரியாது.
மிதந்தேன் என்று சொல்ல மாட்டேன்.
விழுந்துகொண்டிருப்பவன்
விழுந்து முடிக்காமல் இருந்த மாதிரி.
நாலு விநாடி இருக்கும்.
பிறகு ஒரு வாய் குளோரின்,
டாக்டரம்மா முதுகில் போட்ட இரண்டு அடி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.
வலது காதுக்குள் குளம் வந்து குடியேறியிருந்தது.
தலையைச் சாய்த்தால் உருண்டது,
நிமிர்த்தினால் விண்ணென்று இழுத்தது.
வழக்கம்போல் சாய்ந்து காட்டினேன்.
மயிலாத்தாள் காதுமடலை இழுத்தாள்,
கத்திவிட்டேன்.

கரண்டி அப்படியே நின்றது.
குனிந்து என் தலைமுடியை மோந்தாள்.
இன்னொருதரம் மோந்தாள்.

"இன்னைக்குத்தானுங்க
நெசமாலுமே வலிக்குதாட்ட இருக்குது."

மூன்று சொட்டு.
சூடு பதமாக இருந்தது.