கூட்டல் கழித்தல்

சிவாஜிநகரில் மெட்ரோவுக்குத் துளை போட்டபோது
வந்த கல்.
முழங்கை நீளத்தில் ஓர் உருளை,
சாம்பல் நிறத்தில் வெள்ளை வரிகள்.
ஒரு துண்டை நொறுக்கிச் சலித்துக் கழுவி
காந்தத்தை மேலே ஓட்டி
கனத்த திரவத்தில் கொட்டினேன்.
லேசானதெல்லாம் மிதந்தது.
அடியில் தங்கியது
ஒரு சிட்டிகை, மூக்குப்பொடி அளவு.

அதற்குள்தான் சிர்க்கான்.

நுண்ணோக்கியின் கீழே
ஊசிமுனையால் ஒவ்வொன்றாக ஒதுக்குகிறேன்.
தும்மக் கூடாது.
போன செவ்வாய்க்கிழமை தும்மியதில்
பத்தொன்பது மணிகள் போயின.

இந்த மணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு.
குழம்பு ஆறி உறைந்த நாளில்
யுரேனியத்தை உள்ளே விட்டது,
ஈயத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது,
ஹலசூருவில் நாங்கள் பார்த்த பதினோராவது வீட்டுக்காரர்
"நான்வெஜ்ஜா?" என்று கேட்டுக்
கதவைச் சாத்தியது போல.
ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம்
குடிவந்ததல்ல.
அங்கேயே பிறந்தது,
யுரேனியம் உடைந்து உடைந்து பெற்றது.

பாதி உடைய
நானூற்று நாற்பத்தேழு கோடி வருடம்.
கூடவே இருக்கும் இன்னொரு யுரேனியம் அவசரக்காரி,
அவளுக்கு எழுபது கோடி போதும்.
ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள்.
இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம்.
இல்லையென்றால்
நடுவில் எப்போதோ சூடு பட்டிருக்கிறது,
ஈயம் கசிந்திருக்கிறது,
கல் வயதைக் குறைத்துச் சொல்கிறது.

அப்பா கூட்டிச் சொன்னவர்.
சாம்பியன் ரீஃப் ஆபீசில்
பதினாறைப் பதினெட்டு என்றார்.
குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
மறுநாள் கூண்டு இறங்கியது.
சவரிமுத்து என்ற பெயருக்கு எதிரே
சுரங்கப் பேரேட்டில் ஐம்பது,
ரேஷன் கார்டில் ஐம்பத்து நான்கு,
ஆதாரில் ஐம்பத்திரண்டு, ஜனவரி ஒன்று:
எங்கள் லைனில் பாதிப் பேர் பிறந்த தேதி.
ஞானஸ்நான ஏட்டில் அந்தப் பக்கம் மட்டும்
கரையானுக்குப் போயிற்று.
சயனைடு மேடு மழையில் கரைந்து
அடுப்படி வரை வந்த வருஷம் என்பார்கள்.
எந்த மழை என்று
யாரும் சொல்லவில்லை.

பென்ஷன் கவுண்டரில் இருந்த பெண்
மூன்று தாள்களையும் விசிறி போல விரித்தாள்.
"ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே" என்றாள் கன்னடத்தில்.
திங்கள் முதல் வெள்ளி வரை
நான் சொல்லும் வாக்கியம்.
எனக்குக் கோபம் வரவில்லை,
அதுதான் கோபமாக இருந்தது.

இன்று லேசர் சுட்டது.
முப்பத்து நான்கு மணிகள்.
இருபத்தொன்பது புள்ளிகள் வளைகோட்டின் மேல்
கம்பியில் குருவிகளாக உட்கார்ந்தன.
ஐந்து கீழே விழுந்தன. அவற்றைத் தனியே குறித்துக்கொண்டேன்.
முந்நூற்றிரண்டு கோடி வருடம்,
கூட்டல் கழித்தல் நாற்பது லட்சம்.

அந்த நாற்பது லட்சத்துக்குள்
கல்லைத் தட்டிக் கூராக்கிய முதல் கை இருக்கிறது,
நெருப்பு, நெல், நாணயம்,
பெங்களூருக்குப் பெயர் வந்தது,
சற்று முன் நான் குடித்து வைத்த டீ.
எல்லாம் பிழைக்குள்.

நூற்றுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன்.
கல்லுக்கு ஒன்றில் எட்டில் ஒரு பங்கு.
அப்பாவுக்கு எழுபத்திரண்டு, கூட்டல் கழித்தல் இரண்டு:
கிட்டத்தட்ட மூன்று.
தெருவுக்கு அடியில் கிடந்த கல்லின் வயது
அப்பாவின் வயதைவிடத் துல்லியம்.
ஆனால் கவுண்டரில்
அந்தக் குறிக்குப் பெட்டி கிடையாது.

ராத்திரி சமையல் மேடையில்
அப்பா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.
வீட்டுக்காரர் ஊரில் இல்லை.
முந்நூற்றிரண்டு கோடி என்றேன்.
கை நிற்கவில்லை.
"எங்க வேலை கேட்டுப் போச்சோ,
ரெண்டு கூட்டித்தான் சொல்லியிருக்கும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.
நெஞ்சின் எக்ஸ்ரே அலமாரி மேல் இருக்கிறது,
இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள்.
அதுவும் கல்தான்.
இருநூற்றெழுபது கோடி இருக்கும்,
இதைவிடக் கொஞ்சம் இளசு.