நோட்டம்

ஏழாம் நீதிமன்ற அறை. எலும்பு வரை குளிர்.
யீஷூன் வீட்டுப் பணிப்பெண் தவமணி
கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்:
"நோட்டம் உட்டுக்கிட்டே இருப்பாருங்க.
குளிக்கிற ரூம்பு சன்னல்ல ஒரு கண்ணாடிப் பட்ட இல்ல."

நான் மொழிபெயர்ப்பாளர். மூன்று நொடி அவகாசம்.
பார்த்தார் என்றால் குற்றமே இல்லை.
வேவு என்றால் யாரோ கூலி கொடுத்து அனுப்பியதாகும்.
கண்காணித்தார்? சம்பளம் தருபவர் உரிமை என்று
எதிர்த்தரப்பு எழுந்துவிடும்.

நோட்டத்தை ஏன் 'விடு'கிறோம்?
அடுத்தவன் கொல்லையில்
ஆட்டை அவிழ்த்து விட்டுவிட்டு
வானத்தைப் பார்த்து நிற்பானே, அந்த விடுதல்.
ஆங்கிலத்தில் அந்த ஆடு இல்லை.

ஏதோ ஒரு சொல்லைச் சொன்னேன்.
தட்டச்சு அதைத் தின்றுவிட்டு நகர்ந்தது.
தவமணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
தான் கொடுத்தது முழுசாய்ப் போய்ச் சேர்ந்ததா என்று.

மாலை, மின்தூக்கி, எட்டாவது மாடி.
எதிர்வீட்டு மேடம் கோ வாசலில்
இன்றும் அந்தப் பழுப்புச் சப்பாத்து, பத்தாம் எண்.
அவர் தனியாள்.

கதவைச் சாத்தினேன். விளக்குப் போடவில்லை.
கதவின் குமிழ்க் கண்ணாடியில் கண்ணை வைத்தேன்,
சும்மாதான்.

மூச்சுப் பட்டு மங்கியது.
துடைத்தேன்.