பதினோரு கிராம்

கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டுக்கு
மூன்று சாவிகள்.
ஒன்று கோலாலம்பூரில். ஒன்று கோர்ட்டில்.
மூன்றாவது சேவுகனின் அரைஞாண் கயிற்றில்.
வியாழன்தோறும் எனக்காகத் திறப்பார்.
இரண்டாம் கட்டுக்குள் நுழைந்ததும்
எல்லோரும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பார்கள்;
நான் குனிவேன்.
கூகை கக்கிப் போட்ட உருண்டைகள்
கறுப்பாய், மினுமினுப்பாய், கட்டைவிரல் பருமனில்.

வெந்நீரில் ஊறினால்
ரோமம் தனியே, எலும்பு தனியே.
தாடையெலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதுவேன்:
வயலெலி, சுண்டெலி, பெருச்சாளிக் குட்டி, மூஞ்சூறு.
ஒரே ஒரு தடவை ஒரு மைனாவின் அலகு.
பதினான்கு மாதம், அறுநூற்றுப் பன்னிரண்டு உருண்டைகள்.
புதுவயல் அரிசி ஆலைகளின் இரவுக்கணக்கு
முதலாளிகளைவிட எனக்குத்தான் சுத்தமாகத் தெரியும்.

ஐப்பசி அடைமழையில் எலிக்காய்ச்சல் வந்தது.
சேவுகனின் தம்பி பெண்டாட்டி பொன்னழகு
காலில் முள் கீறலோடு களையெடுக்க இறங்கினாள்.
எட்டாம் நாள் கண் மஞ்சள்.
"பதினோராம் நாள், சிவகங்கைப் பெரியாஸ்பத்திரில..."
வினைச்சொல் போடாமல் சேவுகன் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சுகாதார ஆய்வாளர் வந்தார்.
வீட்டுக்கு நான்கு நீலக் கட்டி,
ஆலைகளுக்கு அட்டைப்பெட்டியோடு.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

தின்ற எலி அன்றே சாகாது.
நாலைந்து நாள் தள்ளாடும்,
வளை மறந்து வெட்டவெளியில் நிற்கும்.
அந்த மாதம் உருண்டைகள் கூடின.
நல்ல விளைச்சல் என்று
பச்சை மையில் குறித்திருக்கிறேன், நான்.

தையில் இரண்டாம் வியாழன்
சேவுகன் சாவியை எடுக்கவில்லை.
துண்டில் சுற்றி எதையோ நீட்டினார்.
வெற்றிலையை நிமிர்த்தி வைத்தது போன்ற முகம்,
ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி.
காயம் இல்லை.
தோலை விலக்கினால் எங்கும் ரத்தம் கசிந்து கிடந்தது,
உறைய மறந்த ரத்தம்.
ஈரல் பதினோரு கிராம்.
மீன்கடை அமீர்தீனின் பனிப்பெட்டியில் இடம் கேட்டு
பொட்டலத்தின் மேல் எழுதி ஒட்டினேன்:
இது விற்பனைக்கு அல்ல.

இதுவரை சொல்லாமல் விட்டது ஒன்று.
மார்கழியில், என் வாடகை அறையில்,
ஆறு மாதக் குறிப்பேட்டின் மூலையை எலி கொறித்தது.
எனக்கும் நான்கு கட்டி கொடுத்திருந்தார்கள்.
ஒன்றை பீரோவுக்கு அடியில் தள்ளினேன்.
காலையில் பாதிக் கட்டி இருந்தது.
எலி இல்லை.
என் ஜன்னலிலிருந்து அந்த வீட்டு முகட்டுக்கு
நடந்தால் பத்து நிமிடம்.
சிறகுக்கு அவ்வளவு ஆகாது.

கோயம்புத்தூரிலிருந்து முடிவு வந்தது:
ஒரு கிராம் ஈரலுக்கு
சுழியம் புள்ளி நான்கு மைக்ரோகிராம்.
எந்த ஆலை, எந்த வீடு, எந்த பீரோ
என்று கருவி பிரித்துச் சொல்லாது.

சேவுகனுக்குப் படித்துக் காட்டினேன்.
"எலிய விட்டா எங்க வீட்டுல ஆள் போகுது.
கொன்னா இது போகுது.
ஒங்க நோட்டுல எதுக்குத் தாயி கட்டம் போட்ருக்கீக?"

படிவத்தில் நஞ்சின் மூலம் என்று ஒரு கட்டம்.
'தெரியவில்லை' என்பது வழக்கம்.
என் கதவு எண்ணை எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது தெரியும்படியே அனுப்பினேன்.

இணைப் பறவை இன்னும் இருக்கிறது.
இந்த வாரம் ஒரே ஓர் உருண்டை.
கிணற்றடியில் கிண்ணத்தை வைத்து வெந்நீர் ஊற்றிவிட்டு
நீர் என்ன நிறமாகிறது என்று காத்திருக்கிறேன்.
ராத்திரி மழையின் சகதியில்
சேவுகனும் நின்று எட்டிப் பார்க்கிறார்.
செருப்பில்லை.
இடது குதிகாலில்
ஆழமாய் ஒரு வெடிப்பு.