மீதி பதினொன்று

"மீதி பதினொன்று, அங்கிள்"
உட்லண்ட்ஸ் மருந்தகத்தில்
எண்ணி முடிக்கிறாள் பல் மருத்துவர் ஹுவி மின்.

கடைவாய் இரண்டும் சிகரெட்டோடு போயின.
செம்பவாங் கப்பல் பட்டறை, இரவு வேலை,
தூக்கத்தை விரட்ட வேறென்ன இருந்தது?
கீழ்வரிசையைச் சர்க்கரை தின்றது.
தே தாரிக்கைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.
ஒன்றை நானே பிடுங்கினேன்,
குறடால்,
மகளுக்கு ட்யூஷன் பணம் கட்டிய மாதம்.

படிவத்தில் இதற்கெல்லாம் கட்டமில்லை.
புகைப்பழக்கம்: உண்டு, இல்லை.
நீரிழிவு: உண்டு, இல்லை.

"அவசரத்துக்கு யாரை அழைக்க?"
தவமணி என்கிறேன்.
முன்பல் போன சந்தில்
'த' சீறிக்கொண்டு வெளியேறுகிறது.
திரையில் விழுகிறது: சவமணி.

பக்கத்து நாற்காலியில்
தவமணி குலுங்கிச் சிரிக்கிறாள்,
வாய் நிறையப்
பொய்ப்பல்.