காலி இடம் ஒன்று

நேற்றிரவு எங்கள் தெருவின் முறைக்கு
மின்சாரம் வரவில்லை.
மெழுகுவத்தி வைத்துக்கொண்டு ஏழு கேள்விகள் எழுதினேன்.
மூன்றாவதும் ஐந்தாவதும் ஒரே கேள்விதான்,
சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தது.
அழிக்கவில்லை. ஏழு என்றால் ஒரு கனம்.

பாயின்னாங் சந்தையில் உளுந்து மண்டி எங்களுடையது.
சென்னைக்குப் போன் பேச ஓர் ஆள் வேண்டுமென்று
முதலாளி சோலையப்பன் பத்து நாளாய்ச் சொல்கிறார்:
தமிழ் பேசணும், பர்மா எழுதணும்,
இங்கிலீஷில் மெயில் போடணும்,
கோபம் வரக்கூடாது.
சம்பளம்? பார்த்துக்கலாம்.
விளம்பரத்தில் அதையே கொஞ்சம் இஸ்திரி போட்டு
'பேசித் தீர்மானிக்கப்படும்' என்றோம்.
யார் பேசுவது, யார் தீர்மானிப்பது என்று போடவில்லை.

வந்த விண்ணப்பம் நாற்பத்தொன்று.
பதினேழு, ஒரே கடையில் அடித்தவை.
பதினேழு பேரும்
'பொறுப்புள்ளவன்' என்ற சொல்லில்
ஒரே இடத்தில் ஒரே பிழை விட்டிருந்தார்கள்,
பெண்கள் உட்பட.

காலையில் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தேன்.
ஒருவன் அண்ணன் சட்டையில் வந்தான்,
தோள்பட்டைத் தையல் முழங்கையைப் பார்த்து இறங்கியிருந்தது.
ஒருத்தி,
'என் பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பது'
என்றாள், மூச்சு விடாமல்.
எத்தனை கண்ணாடிகளிடம் சொல்லிப் பார்த்தாளோ.
கேட்டவனும் மனப்பாடம், சொன்னவளும் மனப்பாடம்.
நடுவில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஆறாவது,
தாக்கேட்டாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.
சான்றிதழில் மா ஈ ஈ ம்யா.
விண்ணப்ப மூலையில் பென்சிலால் கோமளவல்லி.
கன்னத்தில் தனக்கா பூசித் துடைத்த தடம்;
இருக்கட்டுமா வேண்டாமா என்று
வாசலில் நின்று யோசித்திருக்கிறாள்.
எந்தப் பெயரில் கூப்பிட என்றேன்.
அது என் பட்டியலில் இல்லாத கேள்வி.
'சம்பளச் சீட்டில் எது வருமோ அதில்.'

முதலாளி உளுந்துத் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.
'ஈரம் எவ்வளவு, சொல்லு பாப்போம்.'
முந்தைய ஐவரும் கடித்துப் பார்த்து
ஆளுக்கோர் எண் சொல்லியிருந்தார்கள்.
ஒன்பது. பதினாலு. ஒருவன் ஆறரை.
இவளும் ஒரு மணியைக் கடித்தாள்,
மென்றாள், விழுங்கினாள்.
'தெரியலீங்க. மீட்டர் வேணும்.
என் பல்லை நம்பிக் கப்பல் ஏத்தாதீங்க.'

அப்போது பார்த்து ஜெனரேட்டர் நின்றது.
மின்விசிறி மெல்ல மெல்லத்
தன் மூன்று இறக்கைகளையும் காட்டி ஓய்ந்தது.
ஜன்னலில்லாத அறை.
என் கையிலிருந்தது இப்போது வெறும் தாள்.
டீசல் ஊற்றப் பையன் ஓடினான்.
ஏழாவது கேள்வி ஒன்றுதான் நினைவிருந்தது,
பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்காத கேள்வி:
'எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?'

ஐவரும் 'இல்ல சார்' என்று எழுந்து போயிருந்தார்கள்.
இவள் எழவில்லை.

'இந்த நாற்காலியில
எனக்கு முன்னால இருந்தவர்
ஏன் போனார்?'

வெளியே மூட்டை தூக்குகிறவர்களின் எண்ணிக்கைக் குரல்.
முதலாளி இருமினார்.
மேசைக்கு அடியில் அவர் செருப்பு என் காலைத் தேடியது.
கல்யாணம், வெளிநாடு, உடம்பு சரியில்லை என்று
பக்கத்துக் கடைகளுக்காக
மூன்று பதில் தயாராய் வைத்திருந்தேன்.
இருட்டில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

'சம்பளம் தாமதமாச்சு' என்றேன்.

பை திறக்கும் சத்தம்.
பென்சில் உருண்டு, பிடிபடும் சத்தம்.
ஒரு தாளை மேசைமேல் நேராக்கும் சத்தம்.

'எத்தனை நாள்?'

ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது
காலர் பட்டன் போட்டு
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்,
கை இரண்டும் மடிமேல்.